எச்டி 189733 பி: ஒரு சூடான வியாழன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“கண்ணாடி மழை பொழியும் நீலக் கோள்” என்ற தலைப்போடு, வேறொரு விண்மீனைச் சுற்றும் எச்டி 189733 பி என்ற கோளின் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது. அதைப் பார்த்தவர்கள் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அளந்து அறிந்தது எது, அந்த அளவீட்டிலிருந்து ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்ல முயன்றிருக்கிறோம். இந்தக் கோளைப் பொறுத்தவரை குழப்பமெல்லாம் அந்த இடத்தில்தான் வருகிறது.

1. சூடான வியாழன்னா நம்ம வியாழன் கிரகமா? அது ரொம்பக் குளிர்ந்த கிரகமாச்சே?

நம் வியாழன் இல்லை. வியாழனைப் போலவே பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம் வாயுக்களால் ஆன பெரிய கோள், ஆனால் தன் விண்மீனை ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. அப்படிப்பட்ட கோள்களுக்கு ஆங்கிலத்தில் வைத்த செல்லப்பெயர் ‘ஹாட் ஜூபிட்டர்’. பத்து நாளுக்குள் ஒரு சுற்றை முடிப்பவை இந்த வகை. முதலில் சிக்கியது 51 பெகாசி பி. 1995-இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் அதைக் கண்டறிந்தார்கள், 2019-இல் அதற்காக இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இங்கே நாம் பேசும் எச்டி 189733 பி வியாழனைவிட சற்றுப் பெரியது. எடையும் குறுக்களவும் ஏறத்தாழ 1.1 மடங்கு. விண்மீனிலிருந்து அதன் தூரம் சுமார் 46 லட்சம் கிலோமீட்டர்தான். நம் புதன் சூரியனிலிருந்து 5.8 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, அதையே நாம் கொதிக்கும் கோள் என்கிறோம்.

கண்டுபிடித்த கோள்களின் பட்டியலில் இந்த வகை நிறைய இருப்பதைப் பார்த்து, வானம் முழுக்க இவைதான் என்று நினைத்துவிடக் கூடாது. சூரியனை ஒத்த விண்மீன்களில் நூற்றுக்கு ஒன்றில், அல்லது அதற்கும் குறைவாகத்தான் இவை இருக்கின்றன. பெரியவை, சீக்கிரம் சுற்றுபவை என்பதால் சுலபமாகக் கண்ணில் படுகின்றன.

2. பேரே வண்டி நம்பர் மாதிரி இருக்கே, ஒரு நல்ல பேர் வைக்கக் கூடாதா?

ஹென்றி டிரேப்பர் என்ற பழைய விண்மீன் பட்டியலில் இந்த விண்மீனின் வரிசை எண் 189733. ‘எச்டி’ அந்தப் பட்டியலின் சுருக்கம். ஒரு விண்மீனைச் சுற்றுவதாக முதலில் கண்டறியப்படும் கோளுக்கு ‘பி’ என்ற எழுத்து. ‘ஏ’ விண்மீனையே குறிப்பதால் கோள்களின் எண்ணிக்கை ‘பி’யில் தொடங்குகிறது.

சில கோள்களுக்கு நல்ல பெயரும் உண்டு. சர்வதேச வானியல் ஒன்றியம் 2019-இல் நாட்டுக்கு ஒரு கோளைப் பெயரிடக் கொடுத்தது. இந்தியாவுக்கு வந்தது எச்டி 86081 பி. அதுவும் ஒரு சூடான வியாழன், சுற்றுக்காலம் 2.1 நாள். விண்மீனுக்கு இந்திய இயற்பியலாளர் பீபா சௌத்ரியின் நினைவாக ‘பீபா’ என்றும், கோளுக்கு ‘சாந்தமசா’ என்றும் பெயர் வைத்தார்கள்.

3. எவ்வளவு தூரத்துல இருக்கு? என்னைக்காவது போக முடியுமா?

64 ஒளியாண்டுக்குச் சற்று அதிகம். வாயேஜர் 1 விண்கலம் போகும் வேகத்தில் (நொடிக்கு 17 கிலோமீட்டர்) போனால் சுமார் 11 லட்சம் ஆண்டுகள் ஆகும். போக முடியாது.

4. யாரும் போட்டோ எடுக்கலைன்னு சொல்றீங்க. அப்புறம் எப்படி எடை, சூடு எல்லாம் தெரியும்?

இணையத்தில் நீங்கள் பார்க்கும் படங்கள் அனைத்தும் ஓவியங்கள். இந்தக் கோளையும் விண்மீனையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் தொலைநோக்கி இன்றுவரை இல்லை. நமக்குக் கிடைப்பது இரண்டும் கலந்த ஒரே ஒளிப்புள்ளி. அந்தப் புள்ளியின் ஒளி எப்போது, எந்த நிறத்தில், எவ்வளவு குறைகிறது என்பதை வைத்துத்தான் எல்லாக் கணக்கும்.

2005-இல் பிரான்சின் ஓட் புரோவான்ஸ் வானாய்வகத்தில் பிரான்சுவா பூஷி குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். கோள் சுற்றும்போது விண்மீனையும் லேசாக இழுத்து ஆட்டுகிறது. அந்த ஆட்டம் நொடிக்கு சுமார் 200 மீட்டர். அதிலிருந்து கோளின் எடை கிடைக்கிறது. கோள் விண்மீனுக்கு முன்னால் குறுக்கே போகும்போது, அதாவது இடைநகர்வின்போது, 1,000 பங்கு ஒளி 976 ஆகக் குறைகிறது. அந்த 2.4 சதவீதப் பள்ளத்திலிருந்து குறுக்களவு கிடைக்கிறது. இவ்வளவு ஆழமான பள்ளம், இவ்வளவு பிரகாசமான விண்மீனில் அமைவது அபூர்வம். வானியலாளர்கள் இருபது ஆண்டுகளாக இந்தக் கோளையே திரும்பத் திரும்ப ஆராய்வதற்கு அதுதான் காரணம்.

கோள் விண்மீனுக்குப் பின்னால் போய் மறையும்போதும் ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்த நேரத்தில் காணாமல் போகும் ஒளி கோளுடையது. அகச்சிவப்பில் அதை அளந்தால் சூடு தெரியும். 2007-இல் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி 33 மணி நேரம் தொடர்ந்து பார்த்து, இந்தக் கோளின் வெப்ப வரைபடத்தையே எடுத்தது. வேறொரு விண்மீனின் கோளுக்குக் கிடைத்த முதல் வரைபடம் அது. அதன்படி வெப்பம் மிகுந்த பகுதி சுமார் 940 டிகிரி செல்சியஸ், குறைந்த பகுதி சுமார் 700 டிகிரி.

5. ரெண்டு நாளுக்கு ஒரு வருஷமா? அப்போ பகல், ராத்திரி எல்லாம் எப்படி?

துல்லியமாகச் சொன்னால் 2 நாள் 5 மணி 14 நிமிடம் 45 நொடி. நொடிக்கு 152 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பூமி தன் பாதையில் ஓடுவது நொடிக்கு 30 கிலோமீட்டர்.

இவ்வளவு நெருக்கத்தில் விண்மீனின் ஈர்ப்பு கோளின் தற்சுழற்சியைப் பிடித்து நிறுத்திவிடும். நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல, இந்தக் கோளும் ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டியபடி சுற்றுவதாகக் கொள்கிறோம். ஆகவே ஒரு பாதி நிரந்தரப் பகல், மறு பாதி நிரந்தர இரவு. பகல் பக்கத்தில் விண்மீன் உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. கையை நீட்டி முஷ்டி பிடித்து வானத்தைப் பாருங்கள், முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அங்கிருந்து பார்த்தால் அந்த விண்மீன் 13 பாகை அகலத்துக்கு, நம் சூரியனைப்போல் 25 மடங்கு பெரிதாகத் தெரியும்.

அப்படியானால் இரவுப் பக்கம் உறைந்துபோக வேண்டுமே? அங்கேயும் 700 டிகிரி இருப்பதற்குக் காற்றுதான் காரணம். பகல் பக்கத்துச் சூட்டை அது அள்ளிக்கொண்டு போய் இரவுப் பக்கத்தில் கொட்டுகிறது. 4-ஆம் பதிலில் சொன்ன வரைபடத்தில், மிகச் சூடான இடம் விண்மீனுக்கு நேர் கீழே இல்லாமல் சுமார் 16 பாகை கிழக்கே தள்ளியிருந்தது. காற்று கிழக்கு நோக்கி வீசுகிறது என்பதற்கு அந்தத் தள்ளல் ஒரு சாட்சி.

6. நீலமா இருக்குன்னா கடல் இருக்குன்னுதானே அர்த்தம்?

கடல் இல்லை. நிற்கத் தரையே இல்லாத வாயுக் கோள் இது. 2013-இல் ஹபிள் தொலைநோக்கி, கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது நிறம்வாரியாக ஒளியை அளந்தது. நீலப் பகுதியில் மட்டும் ஒளி குறைந்தது, பச்சைப் பகுதியில் குறைவு தென்படவில்லை. அந்த நீலக் குறைவும் மொத்த ஒளியில் 10,000-இல் ஏறக்குறைய 1 பங்குதான். அதாவது கோள் நீல ஒளியை ஓரளவு திருப்பி அனுப்புகிறது, மற்றதைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது.

காரணம் வளிமண்டலத்தில் மிதக்கும் மிக நுண்ணிய சிலிகேட் துகள்கள் என்று கருதப்படுகிறது. சிறு துகள்கள் நீலத்தை அதிகம் சிதறடிக்கும், சோடியம் ஆவி மஞ்சள் பக்கத்தை விழுங்கும். அளவீட்டின் பிழை எல்லை சிறியதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘நீலம்’ என்பது அளவீடு காட்டியது, ‘பளீர் நீலம்’ என்பது ஓவியரின் கைவண்ணம்.

7. கண்ணாடி மழை பக்கவாட்டுல பெய்யுதாமே, நிஜமா?

அந்த வாக்கியத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். முதலாவது, கண்ணாடிக்கான மூலப்பொருள். இடைநகர்வின்போது ஹபிள் எடுத்த நிறமாலையில் (ஒளியை நிறம்வாரியாகப் பிரித்த பதிவில்) நீலத்தை நோக்கிச் சீராக ஏறும் ஒரு சரிவு தெரிந்தது. நுண்துகள் புகைமூட்டம் இருந்தால் அப்படித்தான் இருக்கும். அந்த வெப்பத்தில் மிதக்கக்கூடியவை சிலிகேட்டுகள், அதாவது மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் சிலிக்கன், ஆக்சிஜன் சேர்மங்கள். சரிவில் ஒரு பகுதி விண்மீனின் கரும்புள்ளிகளால் வந்திருக்கலாம் என்று 2014-இல் ஒரு மறுப்பும் எழுந்தது, அது நியாயமான மறுப்புதான். ஆனால் 2024-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நடு அகச்சிவப்பு அளவீட்டில், குவார்ட்ஸ் துகள்கள் ஒளியை விழுங்கும் 8.7 மைக்ரான் அலைநீளப் பகுதியிலேயே தடயம் கிடைத்தது. எனவே சிலிகேட் மேகம் பற்றிய ஆதாரம் இப்போது வலுவாக இருக்கிறது.

இரண்டாவது, பக்கவாட்டுக் காற்று. இது அளந்தது. சிலியின் லா சிய்யாவில் உள்ள ஹார்ப்ஸ் நிறமாலைமானியின் பதிவுகளை வைத்து, கோளின் இரு விளிம்புகளிலும் சோடியம் ஒளியை விழுங்கும் கோடுகள் நிறமாலையில் எவ்வளவு நகர்கின்றன என்று 2015-இல் பார்த்தார்கள். கிழக்கு நோக்கி நொடிக்கு சுமார் 2 கிலோமீட்டர் வேகக் காற்று. மணிக்கு 7,000 கிலோமீட்டர்!

மூன்றாவது, ‘மழை’. இதை யாரும் பார்க்கவில்லை, அளக்கவும் இல்லை. மேகத்தில் இருப்பது புகையைவிட நுண்ணிய துகள். அது திரண்டு துளியாக விழுகிறதா, விழும் வழியில் கீழேயுள்ள சூட்டில் மறுபடி ஆவியாகிறதா என்பது கணினி மாதிரிகளின் எல்லைக்குள் இருக்கும் விஷயம். சுழன்றடிக்கும் சிலிகேட் தூசிப்புயல் என்று சொன்னால் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

8. முதல்ல மீத்தேன் இருக்குன்னாங்க, இப்போ இல்லைங்கறாங்க. அழுகின முட்டை நாத்தம்னும் சொல்றாங்க. எதை நம்புறது?

2008-இல் ஹபிளின் ஒரு கருவியின் பதிவிலிருந்து மீத்தேன் இருப்பதாக அறிவித்தார்கள். அந்தக் கருவி இந்த வேலைக்கென்று செய்யப்பட்டதல்ல. தேடிய அடையாளம் மொத்த ஒளியில் 10,000-இல் சில பங்கு, கருவியின் சொந்தத் தள்ளாட்டமும் கிட்டத்தட்ட அதே அளவு. தள்ளாட்டத்தை எப்படிக் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறியது. தண்ணீர் ஆவிக்கும் இதே போன்ற இழுபறி நடந்தது, 2014-இல் ஹபிளின் புதிய கருவிதான் அதைத் தீர்த்துவைத்தது.

2024-இல் வெளியான ஜேம்ஸ் வெப் முடிவின்படி அங்கே தண்ணீர் ஆவி, கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவை இருக்கின்றன. மீத்தேன் தென்படவில்லை. அவ்வளவு சூட்டில் கார்பன் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடாகத்தான் இருக்கும் என்ற வேதியியல் எதிர்பார்ப்போடும் அது பொருந்துகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்பது அந்த ஹைட்ரஜன் சல்பைடின் வாசனை. செய்தியாக அது பரவியது, ஆனால் விஞ்ஞானிகளுக்கு முக்கியம் கந்தகம். கோள் உருவானபோது எவ்வளவு பாறையும் பனியும் விழுங்கியது என்பதைக் கணக்கிட அது உதவுகிறது.

9. இவ்வளவு பெரிய கிரகம் நெருப்புக்குப் பக்கத்துலேயே எப்படி உருவாச்சு?

அங்கேயே உருவாகியிருப்பது கடினம். விண்மீனுக்கு அவ்வளவு பக்கத்தில் பனி நிற்காது, திடப்பொருளும் குறைவு. பெரிய கருவைத் திரட்டப் பொருள் போதாது. எனவே தொலைவில் உருவாகி உள்ளே வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து.

வந்த வழி இரண்டில் ஒன்றாக இருக்கலாம். பிறந்த காலத்தில் விண்மீனைச் சுற்றியிருந்த வாயுத்தட்டோடு இழுபட்டு மெல்ல நகர்ந்திருக்கலாம். அல்லது வேறொரு கோளோ துணை விண்மீனோ தள்ளிவிட, நீள்வட்டப் பாதையில் விண்மீனை உரசி உரசி, ஈர்ப்பு உராய்வில் பாதை வட்டமாகியிருக்கலாம். இரண்டாம் வழியில் பாதித் தூரம் வந்த கோள் போலவே இருக்கிறது எச்டி 80606 பி. 111 நாள் சுற்று, வால்மீன் போல நீண்ட பாதை. நம் கோளின் பாதையோ விண்மீனின் நடுக்கோட்டோடு ஏறத்தாழ ஒரே தளத்தில் இருக்கிறது, அது முதல் வழிக்குச் சாதகம். ஆனால் துணை விண்மீனும் ஒன்று இருக்கிறது, சூரியன்–பூமி தூரத்தைப்போல் சுமார் 216 மடங்கு தள்ளி. வழக்கு இன்னும் முடியவில்லை.

10. அப்போ நிலா இருக்குமா? உயிர்?

நிலா நிலைப்பது மிகக் கடினம். கோளின் ஈர்ப்பு ஆளும் எல்லை அங்கே குறுகிவிடுகிறது. நிலா ஓட இடம் கோளின் ஆரத்தைப்போல் சுமார் இரு மடங்கு தூரம் வரைதான், அதற்குள்ளும் ஈர்ப்பு உராய்வு அதை உள்ளே இழுத்துவிடும். உயிருக்கு வாய்ப்பே இல்லை.

11. இவ்வளவு சூட்டுல வாயு எல்லாம் ஆவியாகி ஒருநாள் காணாமப் போயிடாதா? இல்ல நட்சத்திரத்துல விழுந்துடுமா?

வாயு கசிகிறது, உண்மை. 2010 ஏப்ரலில் ஹபிள் பார்த்தபோது கசிவு தெரியவில்லை. 2011 செப்டம்பரில் பார்த்தபோது நொடிக்கு குறைந்தது 1,000 டன் வாயு வெளியேறிக்கொண்டிருந்தது. அதற்கு எட்டு மணி நேரம் முன்புதான் விண்மீனில் ஒரு பெரிய எக்ஸ்கதிர் வெடிப்பை ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் பதிவுசெய்திருந்தது.

1,000 டன் என்றால் பயமாக இருக்கும், கணக்குப் போட்டால் பயம் போய்விடும். அதே வேகத்தில் 500 கோடி ஆண்டுகள் கசிந்தாலும் கோளின் எடையில் 0.01 சதவீதம்கூடக் குறையாது. வியாழன் அளவுக் கோள்கள் இந்தக் கசிவைத் தாங்கிவிடும், நெப்டியூன் அளவுக் கோள்கள்தான் அதில் அடிவாங்குகின்றன.

விழுவது வேறு விஷயம். வாஸ்ப்-12பி என்ற இன்னொரு சூடான வியாழனின் சுற்றுக்காலம் ஆண்டுக்கு சுமார் 29 மில்லிநொடி குறைகிறது. இன்னும் சுமார் ஒரு லட்சம் தலைமுறைகளில், அதாவது 30 லட்சம் ஆண்டு அளவில், அது விண்மீனுக்குள் போய்விடும். எச்டி 189733 பி-யில் அப்படிப்பட்ட குறைவு உறுதியாகத் தெரியவில்லை.

12. நம்ம ஊர்ல இருந்து சின்ன டெலஸ்கோப் வச்சு இதைப் பிடிக்க முடியுமா?

முடியும். தொழில்முறை சாராதவர்களுக்கு இதைவிட நல்ல இலக்கு அதிகம் இல்லை. கோள் தெரியாது, 4-ஆம் பதிலில் சொன்ன 2.4 சதவீதப் பள்ளத்தை உங்கள் கேமராவால் பிடிக்கலாம். விண்மீனின் ஒளித்தரம் 7.7 (எண் கூடக் கூட மங்கல்), இருட்டான இடத்தில் பைனாகுலரிலேயே தெரியும். திருவோணத்தின் பிரகாசமான ஆல்டேரிலிருந்து வடக்கே போனால் அம்பு வடிவத்தில் சஜிட்டா விண்மீன் கூட்டம். அதன் முனை விண்மீனுக்கு மூன்று பாகை வடக்கே டம்பெல் நெபுலா என்ற வாயு மேகம். நெபுலாவுக்குக் கிழக்கே கால் பாகையில், அதாவது முழுநிலவின் அகலத்தில் பாதித் தூரத்தில், நம் விண்மீன். தமிழ்நாட்டில் செப்டம்பர் தொடக்கத்தில் இரவு 9 மணி வாக்கில் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துக்கொள்வது நல்லது.

80 முதல் 100 மில்லிமீட்டர் தொலைநோக்கி, விண்மீனைத் தானாகப் பின்தொடரும் மவுண்ட் (தாங்கி), கருப்பு-வெள்ளை சிமாஸ் கேமரா, சிவப்பு வடிகட்டி போதும். இடைநகர்வு சுமார் 1.8 மணி நேரம். முன்னும் பின்னும் ஒவ்வொரு மணி நேரம் சேர்த்து நான்கு மணி நேரம் தொடர்ந்து எடுக்க வேண்டும். முன்பின் சமதளம் இல்லாவிட்டால் பள்ளத்தின் ஆழத்தை எதோடு ஒப்பிடுவீர்கள்? குவியத்தை வேண்டுமென்றே கலைத்து, விண்மீன் 15–20 பிக்சல் அகலத்துக்குப் பரவும்படி வையுங்கள். 16 பிட் கேமராவில் உச்ச மதிப்பு 30,000 அருகே இருந்தால் சரி. எக்ஸ்போஷர் 30 நொடிக்குக் குறையாமல் இருந்தால் காற்று மினுக்கம் சராசரியாகிவிடும். தொடங்கிய பிறகு குவியம், எக்ஸ்போஷர் எதையும் தொடாதீர்கள். ஃபிளாட் படங்களை (சீரான வெளிச்சத்தை எடுத்து, தூசி நிழலையும் ஓர இருட்டையும் கழிக்க உதவுபவை) அதே இரவில், கேமராவைக் கழற்றாமல் எடுங்கள்.

தேதிக்கு ஒரு சூத்திரம்: ஒன்பது சுற்று என்பது 20 நாளுக்கு 47 நிமிடம் குறைவு. ஆகவே ஓர் இரவு தவறினால், 20-ஆம் நாள் அதே நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் மறுபடி வாய்ப்பு வரும்.

13. எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். பள்ளமே வரல, இல்லன்னா கோடு சாய்ஞ்சு கிடக்கு. எங்க தப்பு?

பள்ளமே இல்லையென்றால் முதலில் நேரத்தைப் பாருங்கள். இடைநகர்வு நேரக் கணிப்புகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். அடுத்து, சூரியக் குடும்பத்தின் ஈர்ப்பு மையத்துக்கு மாற்றிய நேரமா, பூமி நேரமா என்று பாருங்கள். இந்த விண்மீனுக்கு அந்த வித்தியாசம் ஆறு நிமிடம் வரை போகும். பள்ளம் 1 சதவீதமே வந்தால் படம் எரிந்துபோயிருக்கலாம். உச்சம் வெட்டுப்பட்ட விண்மீனில் ஒளி குறைந்தாலும் எண்ணிக்கை குறையாது.

கோடு சாய்ந்தால் ஒப்பீட்டு விண்மீனில், அதாவது ஒளியை ஒப்பிட அதே படத்தில் நீங்கள் தேர்ந்த வேறு விண்மீனில், குற்றம் இருக்க வாய்ப்பு அதிகம். நம்முடையது ஆரஞ்சு நிற விண்மீன். நீலமான ஒன்றை ஒப்பீடாக எடுத்தால், இரண்டும் அடிவானத்தை நோக்கி இறங்கும்போது காற்று நீலத்தை அதிகம் தின்றுவிடும். நிறம் ஒத்த மூன்று நான்கு விண்மீன்களைச் சேர்த்து எடுங்கள். வான்பின்னணியை அளக்கும் வளையம் டம்பெல் நெபுலாவைத் தொடவே கூடாது. அஸ்ட்ரோஇமேஜ்ஜே மென்பொருளில் வளையத்தின் உள், வெளி ஆரங்களைக் கையால் மாற்றலாம்.

நடுவில் ஒரு படிக்கட்டு போலக் குதித்தால், விண்மீன் உச்சியைக் கடந்தபோது ஜெர்மன் வகை மவுண்ட் தொலைநோக்கியை மறுபக்கத்துக்குத் திருப்பியிருக்கும். நம் ஊரில் இது உச்சிக்கு அருகே போவதால் இந்தத் தொல்லை தவறாமல் வரும். உச்சியைக் கடந்த பிறகு தொடங்கும் இடைநகர்வாகத் தேர்ந்தெடுத்தால் அது தப்பும். பள்ளத்தின் அடியில் சின்ன மேடு மட்டும் தெரிந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். 12 நாளுக்கு ஒரு முறை சுழலும் இந்த விண்மீனில் கரும்புள்ளிகள் ஏராளம், கோள் ஒரு புள்ளியின் மீது கடக்கும்போது ஒளி சற்றே ஏறும். பெரிய தொலைநோக்கிகளில் அது தெளிவாகத் தெரியும், 80 மில்லிமீட்டரில் பெரும்பாலும் மெல்லிய மேகம்தான். அதே நேரத்தில் ஒப்பீட்டு விண்மீன்களும் மங்கினவா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். மூலப் படங்களை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள். இடைநகர்வு நேரங்களைத் திரட்டும் எக்ஸோகிளாக் போன்ற திட்டங்களுக்கு அனுப்பியபின் அவர்கள் ஒரு சந்தேகம் கேட்டால், அந்தப் படங்களிலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.